அழுகண்ணிக்குப் போட்ட பூட்டு

ஜூன் 4

சகலைக்கு,

உங்களோடு பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்து நான்கு வருடமாகிறது. அதில் மாற்றமில்லை. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தைக் காட்டி, கிழவன் இறங்கி வந்துவிட்டான் என்று வீட்டில் சிரிக்க வேண்டாம்.

என் மனைவி உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஐம்பத்தோரு நாள். தங்கைக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, கூட ஆள் வேண்டும், மூன்று வாரத்தில் வந்துவிடுவேன் என்றாள். சரி என்றேன். இப்போது தங்கை கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாளாம். பிறகு இவளுக்கு அங்கே என்ன வேலை? கேட்டால், "இருங்க, இன்னும் கொஞ்ச நாள். இங்க காத்து நல்லா இருக்கு" என்கிறாள். காற்று எங்கள் வீட்டிலும்தான் அடிக்கிறது.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க சகலை ஜன்னல்ல மூணு தொட்டி வெச்சிருக்காருங்க. அழுகண்ணி! ஒவ்வொண்ணும் சட்டைப் பொத்தான் அளவு, செவசெவன்னு. காலைல வெயில் பட்டா பாசிமணி கோத்த மாதிரி மின்னுது. நேத்து ஒரு கொசுவப் பிடிச்சுது. நாங்க மூணு பேரும் நாற்காலி போட்டு உக்காந்து பாத்தோம்."

நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தீர்களாம். நல்லது. நான் முப்பது வருடம் ஈர மண்ணில் வயிறு பதியப் படுத்துப் பார்த்தேன்.

நீர்த்தேக்கத்துக்குக் கீழே, பம்ப் ஹவுஸின் பின்சரிவில், கசிவு ஊறுகிற மணல்தரையில் அப்படி ஒரு செடி இருப்பதை முதலில் கண்டவன் நான். நீங்கள் அல்ல, உங்கள் கல்லூரியும் அல்ல. மோட்டார் ஓடும் நேரத்தில் மீட்டரைப் பார்ப்பதும், ஓடாத நேரத்தில் இதைப் பார்ப்பதுமாக என் வேலைக்காலம் போயிற்று. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன், நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகங்களைத் தூக்கி வந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அது என்ன செடி, ஏன் பூச்சி தின்கிறது என்று கற்றுக்கொண்டேன். மண்ணில் சத்து இல்லாத இடத்தில்தான் அது வாழும். சத்துக்குப் பதிலாகத்தான் பூச்சி. நான் ஊருக்கே அனுப்பிய குழாய்த் தண்ணீர் அதற்கு விஷம். இதையெல்லாம் எனக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் உங்களை நானே அழைத்துப் போய்க் காட்டினேன். நீங்கள் பத்திரிகையில் கட்டுரை எழுதினீர்கள். அதில் நான் யார்? "இச்செடிகள் இருக்குமிடத்தை ஓர் உள்ளூர்வாசி காட்டினார்." பம்ப் ஆபரேட்டர் என்றுகூட இல்லை. என் பெயர் அத்தனை நீளமா, இடம் போதவில்லையா?

இப்போது கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மூன்று தொட்டிச் செடி எங்கிருந்து வந்தது? கடையில் விற்கும் சாமான் அல்ல அது. என் சரிவில் கை வைத்தீர்களா, இல்லையா?

இப்படிக்கு,
உள்ளூர்வாசி


ஜூன் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான் சிரிக்காமல்தான் படித்தேன். என் மனைவி சிரித்தாள், அதற்கு நான் பொறுப்பல்ல. "அக்கா வீட்டுக்காரர் கோபத்துலகூட கையெழுத்து எப்படி வரிசையா நிக்குது பாருங்க" என்றாள்.

அவள் நன்றாக நடக்கிறாள், அண்ணி பக்கத்தில் இருந்தால். அண்ணி சமையலறைக்குப் போனால் உடனே இடுப்பு வலி வந்துவிடுகிறது. அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் நாடகம் இது. எனக்கும் புரிகிறது, உங்களுக்கும் புரிந்திருக்கும். அண்ணிக்கு ஏன் உடனே வீட்டுக்கு வர மனமில்லை என்பதை என்னைக் கேட்காதீர்கள்.

கட்டுரை விஷயம். நான் உங்கள் பெயரை எழுதித்தான் அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் இடம் போதாமல் வெட்டிவிட்டார். பத்திரிகைக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் சரிவிலிருந்து நான் ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. இவை விதையிலிருந்து நானே முளைக்க வைத்தவை. விதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதற்கில்லை. சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

என் தொட்டிகளை விடுங்கள். வருடா வருடம் ஜூன் முதல் வாரத்தில் நீங்கள் எண்ணுவீர்களே, இந்த வருடம் எத்தனை செடி? அண்ணி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அன்புடன்,
சகலை


ஜூன் 24

சகலைக்கு,

ஆசிரியர் வெட்டினார் என்கிறீர்கள். ஒருவர் பெயரை வெட்டினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அங்கே "ஓர் உள்ளூர்வாசி" என்று எழுதி ஓட்டையை அடைத்தது யார்? முப்பது வருடம் குழாய்க் கசிவைத் தேடியவன் நான். கசிவது ஓர் இடம், ஈரம் தெரிவது வேறு இடம் என்பது எனக்குத் தெரியும்.

உத்தரவாம். யார் போட்ட உத்தரவு?

எண்ணிக்கை கேட்டீர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. போதுமா? செடி செழிப்பாக இருக்கிறது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கேமராவும் பூட்ஸுமாக வந்தவர்கள் மிதித்துத் துவைத்தார்கள் அல்லவா, அதன் பிறகு நான் வேலி போட்டேன். பழைய இரும்புக் குழாய் ஊன்றி, சுற்றிலும் இடுப்புயரக் கம்பிவலை, ஒரு கதவு, ஒரு பூட்டு. சாவி என் அரைஞாணில். நான்கு வருடமாக ஒரு காலடி உள்ளே படவில்லை, என்னுடையது உட்பட. வலைக்கு வெளியே நின்று எண்ணுவேன். கை வைக்காமல் விட்டால் காட்டுச்செடி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஜன்னலில் சொகுசாக வளர்ப்பவர்களுக்கு இது புரியாது.

அந்தச் சரிவில் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். போன வாரம் வேலியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் பெருசு, புல்லுக்குப் பூட்டு போட்ட ஆள இப்பத்தான் பாக்கறேன்."

"புல்லுக்கில்ல. உள்ள செடி இருக்கு."

"எங்க?"

"பொடிசா இருக்கும். உன் கண்ணுக்குத் தெரியாது."

"முட்டியளவு புல்லு நிக்குது, யார் கண்ணுக்குத் தெரியும்? என் ஆடுங்க ஒரு வாரமா இந்த வலையில மூக்க வெச்சு மூச்சு விட்டுக்கிட்டு நிக்குதுங்க. கல்யாண வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி."

போ என்று விரட்டினேன். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், நான் எப்படிக் காவல் காக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று. உங்கள் தொட்டிகளுக்கு மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுவது என் மனைவிதானாமே. தட்டில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்கிறாளாமே. இங்கே பின்கட்டில் நான் வைத்த எந்தச் செடிக்கும் அவள் ஒரு குவளை ஊற்றியதில்லை. "உங்க செடி, நீங்க பாத்துக்குங்க" என்பாள். நீங்கள் ஏதோ சொல்ல அவள் சிரித்த சிரிப்பு போனில் எனக்குக் கேட்டது. முப்பத்தெட்டு வருடத்தில் என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததை விரல் விட்டு எண்ணலாம். அப்படி என்னதான் சொன்னீர்கள்?

அவளை அனுப்பி வையுங்கள்.

உள்ளூர்வாசி


ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க விடாமல் அண்ணி எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு என் கட்டுரையில் அச்சான எண். நான்கு வருடத்துக்கு முன் நீங்கள் வாயால் சொல்லி நான் குறித்துக்கொண்டது. இத்தனை வருடத்தில் ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லையா? நீங்கள் எண்ணிக்கையை மாற்றிச் சொல்கிறவர் அல்ல. ஆகவே எண்ணவே இல்லை, அல்லது எண்ண முடியவில்லை.

அண்ணி சொல்வது இது. ஊருக்குப் புறப்படுவதற்கு முன்னால் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாராம். நீங்கள் வேலிக்கு வெளியே குனிந்து நின்று, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, நான்கோடு நின்று, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தீர்களாம். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். "எதாவது சொல்லியிருந்தா கடிச்சு வெச்சிருப்பாரு" என்கிறார்.

அண்ணா, வேலிதான் காரணம். அழுகண்ணி தரையோடு தரையாகக் கிடக்கிற செடி. அதன் மேல் வெயில் விழ வேண்டும். ஆடு மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருந்தவரை விழுந்தது. நீங்கள் காலடியைத் தடுத்தீர்கள். கூடவே குளம்படியும் நின்றுவிட்டது. புல் எழுந்து நிழலாக மூடிவிட்டது. இது என் கல்லூரிப் பாடம் அல்ல. உங்கள் ஆட்டுக்காரப் பெண் சொன்னதை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதிலேயே இருக்கிறது.

இனி என் பங்கு. ஆசிரியர் எதையும் வெட்டவில்லை. "ஓர் உள்ளூர்வாசி" என்று எழுதியது நான்தான்.

இருபத்தாறு வருடம் நான் அந்தச் செடியைப் பாடமாக நடத்தினேன். என்னிடம் இருந்தது காய்ந்து பழுப்பேறிய ஒரு மாதிரி, அட்டையில் ஒட்டியது. உயிரோடு நான் பார்த்ததே இல்லை. நீங்கள் காட்டிய அன்று ஈரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன், நினைவிருக்கிறதா? ஒரு எறும்பு ஒட்டிக்கொண்டு திணறியது. அதைச் சுற்றி அந்தச் சிவப்பு மயிர்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. நீங்கள் மேலே நின்றுகொண்டு, "பூவ மட்டும் ஒரு சாண் உயரத்துல தள்ளி வெச்சிருக்கு பாத்தீங்களா? தேனுக்கு வர்றவனத் தின்னுட்டா நாளைக்கு விதை ஏது?" என்றீர்கள். என் மாணவர்களுக்கு ஒரு வருடம்கூட நான் அதை அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை. எனக்குப் பொறாமை. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

விதையைப் பற்றியும் சொல்லிவிடச் சொல்கிறார். வேலி போடுவதற்கு முந்தின நாள் அண்ணிதான் சரிவுக்குப் போய் விதைக்காய்களை ஒரு காலண்டர் தாளில் தட்டி எடுத்து, மடித்து, தங்கைக்கு அனுப்பினார். ஏன் என்று கேட்டேன். "அவரு எதையாவது பூட்டினா அது திரும்பக் கெடைக்காது. எங்க வீட்டுல மூணு பெட்டி சாவி இல்லாம கெடக்கு" என்றார்.

தொட்டிகளில் இப்போது விதை முற்றியிருக்கிறது. சொன்னால் அனுப்புகிறேன். அல்லது கொண்டுவருகிறேன்.

சகலை


ஜூலை 16

சகலைக்கு,

நீங்கள் என் பெயரை எழுதாமல் விட்டதைக்கூட நான் ஒருநாள் மறந்துவிடுவேன். என் வீட்டில் சாப்பிட்டு, என் பக்கத்தில் படுத்து எழுந்தவள் என் சரிவிலிருந்து விதையைத் திருடி உங்கள் கையில் கொடுத்தாள். நான்கு வருடம் எனக்குத் தெரியாமல் மூன்று பேரும் வைத்திருந்தீர்கள்.

செடி இருக்கிறதா இல்லையா என்பது என் பாடு. விதை அனுப்பாதீர்கள்.

அவளையும் அனுப்ப வேண்டாம். தொட்டியோடு சேர்த்து அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.


ஆகஸ்ட் 2

அண்ணா,

கடைசி வரியை அண்ணி படித்துவிட்டார். மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அன்றிலிருந்து அந்த ஜன்னல் பக்கம் போவதில்லை. தண்ணீர் நான்தான் ஊற்றுகிறேன்.

வேண்டாம் என்றாலும் விதையை அனுப்புகிறேன். அதே காலண்டர் தாள்தான், அண்ணி பத்திரமாக வைத்திருந்தார். கோபம் என் மேல் இருக்கட்டும். செடி என்ன பாவம் செய்தது?

சகலை


அக்டோபர் 11

சகலைக்கு,

உங்கள் பார்சலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். வந்து சேர்ந்திருக்கும். அதற்காக வருத்தம் தெரிவிக்க இந்தக் கடிதம் இல்லை. தொட்டியில் வளர்ந்த விதை என் சரிவுக்கு இன்றைக்கும் வேண்டாம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜூலையில் உங்களுக்குக் கடிதத்தைப் போட்டுவிட்டு நேராக வேலிக்குப் போனேன். பூட்டைத் திறந்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக உள்ளே கால் வைத்தேன். புல்லை விலக்கி விலக்கி, மீட்டர் அறையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் தேடினேன். மூன்று செடி இருந்தது. அதில் ஒன்று காய்ந்த செடி. மற்ற இரண்டும் வெளுத்துப்போய், இலையில் ஒரு சொட்டுப் பசைகூட இல்லாமல் கிடந்தன. ஒரு எறும்பு அதில் ஒன்றின் மேல் ஏறி, நடந்து, இறங்கிப் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்து பூட்டினேன். கைப்பழக்கம். சாவியைப் பிடித்தபடி நின்றேன். ஆட்டுக்காரி வந்தாள்.

"என்ன பெருசு, மூஞ்சி இப்படி இருக்கு? வீட்டுல இன்னும் வரலையா?"

"உன் வேலையப் பாரு."

"என் வேலை உன் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்குது. தொறந்து விடட்டா?"

"நான் தொறக்கச் சொல்லல."

"நீ சொல்லல. சாவிய மட்டும் கீழ போடு. வயசான கை, நிக்கலன்னு நான் நெனச்சுக்கறேன்."

சாவி கீழே விழுந்தது. எப்படி விழுந்தது என்று நான் விசாரிக்கவில்லை. முட்டி வலிக்கிறது, குனிய முடியாது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இருபது ஆடு, ஒன்பது நாள். எட்டிப் பார்த்தேன். தரை மொட்டையாக, குளம்பு பதிந்து குண்டும் குழியுமாகக் கிடந்தது. என் முப்பது வருடத்தை ஆடு தின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லை. கோபத்தைக்கூட யாரிடமாவது காட்ட வேண்டியிருக்கிறது, சகலை.

செப்டம்பரில் மழை பிடித்தது. போன வாரம் ஆட்டுக்காரி வாசலில் வந்து நின்று, "உன் பொடிசு எந்திரிச்சிருக்கு, வந்து எண்ணு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு குளம்புத் தடத்திலும் கொஞ்சம் மழைத்தண்ணீர், அதன் ஓரத்து மண்ணில் கடுகளவு சிவப்பு. பூதக்கண்ணாடி வைத்தேன். இலை, இலையில் மயிர், மயிர் நுனியில் துளி. மண்ணுக்குள் கிடந்த பழைய விதை வெயில் பட்டதும் முளைத்திருக்கிறது. நாற்பத்தொன்று எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தடவையும் நாற்பத்தொன்று.

அது மட்டும் இல்லை. திரும்பும்போது அந்தப் பெண், "இத்தனையையும் உள்ளயே தேடறியே, இந்தப் பக்கம் பாக்க மாட்டியா?" என்று ஆடு தண்ணீர் குடிக்க இறங்கும் தடத்தைக் காட்டினாள். வேலியிலிருந்து இருபது அடி இருக்கும். அங்கே பதினேழு செடி, சிறிதல்ல, நன்றாக முற்றியவை. பூத்துக் காய்த்திருந்தன. மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறதாம். நான் தினமும் அந்த வழியாகத்தான் பூட்டைப் பார்க்க வந்திருக்கிறேன்.

ஜூனில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியது பொய். இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனாலும் என் கையெழுத்தில் இருக்கட்டும்.

இனி காரியம். நீங்கள் இதைப் பற்றிப் புதிதாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். இந்த இடத்தை யாரும் வேலி போட்டு அடைக்கக் கூடாது, ஆடு மேய்வதை நிறுத்தக் கூடாது என்று படித்தவர் ஒருவர் எழுதினால்தான் நீர்த்தேக்கத்து அதிகாரிகள் கேட்பார்கள். அடுத்த மாதம் சரிவை வளைத்துச் சுற்றுச்சுவர் கட்டப் போகிறார்கள், அளவெடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சொன்னேன். "ஆடு மிதிச்சா செடி வளருமா? வேலி போட்டதே நீங்கதானே பெரியவரே" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சுவர் எழும்பினால் இந்த நாற்பத்தொன்றும் பதினேழும் போய்விடும். ஆகவே உடனே வாருங்கள். பார்த்து எழுதுங்கள்.

வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். ஜூலையில் எழுதிய கடைசி வரியை அவள் படித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அது அவளுக்கு எழுதியதல்ல, உங்களுக்கு எழுதியது. அவளுக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன், அந்தப் பாடத்தில் எனக்குப் புத்தகம் எதுவும் கிடைக்கவில்லை. அவள் கேட்டால், மூன்று பெட்டியின் பூட்டையும் உடைத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். ஒன்றில் அவளுடைய பச்சைச் சேலை இருந்தது. வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் பேசுவேனா என்று கேட்காதீர்கள். பேச மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். ஆனால் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செடியைப் பற்றிச் சத்தமாகச் சொல்வது என் பழக்கம். பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்தால் நான் என்ன செய்ய முடியும்? நாற்காலி எல்லாம் கிடையாது. பழைய கால்சட்டையாகப் போட்டு வாருங்கள்.

கட்டுரைக்கு இரண்டு நிபந்தனை. குளம்புத் தடத்தில் செடி முளைத்ததை முதலில் கண்டவள் ஆட்டுக்காரி. அவள் பெயர், அவள் அப்பா பெயர், ஊர், எல்லாம் முழுசாக வர வேண்டும். ஒரு எழுத்து குறைந்தாலும் ஆட்டோடு உங்கள் வீட்டுக்கு வருவாளாம்.

வேலியைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். நான்கு வருடம் பூட்டி வைத்ததில் இருநூற்றுப் பன்னிரண்டு மூன்றாகிப் போனதை மறைக்காமல் எழுதுங்கள். அதைப் போட்டது யார் என்று வரும் இடத்தில், "ஓர் உள்ளூர்வாசி" என்று போட்டால் போதும். அதை நீங்கள் நன்றாக எழுதுவீர்கள்.

சகலை